பேட்டி எடுப்பவர் பேசக் கூடாது

செப்டம்பர் 4

புது வேலை என்னவென்று அம்மா கேட்டாள். கல்லூரிப் பிள்ளைகள் ஏன் குடிக்கிறார்கள் என்று கேட்டு எழுதுவது என்றேன். "இத வேற கேட்டு எழுதணுமாக்கும். கொழுப்பு, வேறென்ன?" என்றாள். இதை லூர்து மேரி மேடத்திடம் சொன்னால் திட்டம் இன்றைக்கே முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போய்விடலாம்.

லூர்து மேரி மேடம் எங்கள் உளவியல் துறைப் பேராசிரியர். ஒன்பது நாடுகளில் ஒரே சமயத்தில் நடக்கும் ஆய்வில் தமிழ்ப் பகுதி அவர் பொறுப்பு. எல்லா நாட்டுக்கும் அதே இருபது வாக்கியங்கள். "நண்பர்களோடு கூடியிருப்பது இன்னும் நன்றாக இருக்கும் என்று குடித்தேன்." "கவலையை மறக்கக் குடித்தேன்." "மற்றவர்கள் என்னை ஒதுக்கிவிடக் கூடாதென்று குடித்தேன்." ஒவ்வொன்றுக்கும் ஒருபோதும் இல்லை என்பதிலிருந்து எப்போதுமே என்பதுவரை ஒரு பதிலைச் சொல்ல வேண்டும். தமிழில் எழுதியது நான். இனி மாணவர்களை ஒவ்வொருவராக உட்கார வைத்து, வாக்கியத்தைப் படிக்கச் சொல்லி, அவர்களுக்கு என்ன புரிந்தது, என்ன ஞாபகம் வந்தது என்று கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். அதற்குப் பிறகுதான் ஆயிரக்கணக்கான பேருக்குக் கொடுப்பார்கள்.

போலந்துக் குழுவில் தவமணி இருக்கிறான். இதைக் கடைசியில் எழுதுவதற்குக் காரணம் எதுவும் இல்லை.

செப்டம்பர் 11

வியாழக்கிழமைகளில் ஒன்பது நாடும் கணினித் திரையில் கூடும். இன்றுதான் முதல் கூட்டம். தவமணி இளைத்திருக்கிறான். சாம்பல் நிற ஸ்வெட்டர். அந்த நிறம் அவனுக்குப் பொருந்தாது என்று யாராவது சொல்லியிருக்கலாம்.

உசிலம்பட்டிக்காரன். இதே துறையில் இரண்டு வருடம் எனக்குப் பக்கத்து மேஜை. பிறகு வார்சாவில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்துப் போய்விட்டான். மதுரை விமான நிலையத்தில், "வரட்டுமா?" என்றான். நான் "ம்" என்றேன். வேறென்ன சொல்ல வேண்டும்? போகாதே என்று சொல்ல நான் யார்? அவன்தான் என்னிடம் ஏதாவது கேட்டானா?

டிசம்பரோடு அவனுக்கு அங்கே காலம் முடிகிறது. வந்துவிடுவான் என்றுதான் இருந்தேன். இன்று அவனுடைய போலந்துப் பேராசிரியர், இன்னும் மூன்று வருடத்துக்கு அவனை இருக்கச் சொல்லியிருப்பதாகவும், நவம்பர் மாதம் அவன் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி என்றும் சந்தோஷமாக அறிவித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். என் மைக் அணைந்திருந்தது.

செப்டம்பர் 16

முதல் பேட்டி. மாயக்கண்ணன், மூன்றாம் ஆண்டு சிவில். இருபது வாக்கியத்தையும் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"இதுல எங் காரணம் இல்லையேக்கா."

"எது?"

"கம்பெனிக்கு."

அவனுடைய அறைத்தோழனை ஒரு பெண் வேண்டாமென்று சொல்லிவிட்டாளாம். அவன் ஒரு வாரமாக மொட்டைமாடியில் போய்க் குடித்தானாம். இவனும் கூடவே போனானாம்.

"அப்ப, மத்தவங்க ஒதுக்கிருவாங்கன்னு குடிச்ச, அப்பிடித்தானே?"

"என்னைய யாருக்கா ஒதுக்கப் போறா? அவன் தனியா உக்காந்து குடிப்பான்ல, பாத்துக்கிட்டு எப்பிடிச் சும்மா இருக்கிறது? எனக்கு அந்த நாத்தமே ஆகாது. ரெண்டு மடக்கு குடிச்சிட்டு மிச்சத்த அவனுக்குத் தெரியாம தொட்டிச் செடிக்கு ஊத்திருவேன்."

"ஐயோ பாவம்" என்றேன். "நல்ல புள்ளப்பா நீ" என்றேன். "செடி என்னாச்சு?" என்றும் கேட்டேன். அப்புறம் கேன்டீனில் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தேன்.

பதிவைக் கேட்ட மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் திட்டு நிச்சயம். "இது பேட்டியா மீனா, இல்ல கல்யாண வீட்டுப் பந்திப் பேச்சா? பேட்டி எடுக்கிறவங்க அனுதாபம் காட்டக் கூடாது, பாராட்டக் கூடாது, அவங்க வாக்கியத்த முடிச்சு வைக்கக் கூடாது. நீ முகத்துல காட்டுறதப் பாத்து அவன் பதில மாத்திருவான்." நான் சொல்லலாம் என்று மூன்றே மூன்றை எழுதிக் கொடுத்தார். உங்களுக்கு என்ன தோன்றுகிறது? கொஞ்சம் விளக்க முடியுமா? வேறு ஏதாவது? அவ்வளவுதான். மற்ற நேரம் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். என் வாயை மூட வைப்பது என்னைப் பெற்றவளுக்கே இருபத்தெட்டு வருடமாக முடியாத காரியம்.

செப்டம்பர் 18

மாயக்கண்ணனின் காரணத்தைக் கூட்டத்தில் சொன்னேன். நண்பர்களோடு மகிழ்வதற்காக என்ற பிரிவில் போட்டுவிடலாம் என்றார் ஒருவர். வற்புறுத்தலுக்குப் பணிவது என்ற பிரிவு என்றார் இன்னொருவர். அப்போது தவமணி பேசினான். "இரண்டும் இல்லை. குடிப்பவனுக்கு அதில் மகிழ்ச்சியும் இல்லை, பயமும் இல்லை. எதிரில் இருப்பவன் தனியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். எங்கள் ஊரில் அதற்கு ஒரே சொல் இருக்கிறது" என்றான். சொல்லும்போது நேராகக் கேமராவைப் பார்த்தான். எல்லோரும் கேமராவைத்தான் பார்ப்பார்கள்.

அங்கே அவனுடைய துறையில், கிளாஸை இடிக்கும்போது எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்க்க வேண்டுமாம். பார்க்காவிட்டால் கோபித்துக்கொள்வார்களாம். அவன் யார் கண்ணைப் பார்க்கிறான் என்று கேட்பதற்கு நிகழ்ச்சி நிரலில் இடமில்லை.

செப்டம்பர் 30

பேட்டிகள். ஒருவரிடமும் "ஐயோ" சொல்லவில்லை. நாக்கைக் கடித்துக் கடித்துப் புண்ணாகிவிட்டது.

அக்டோபர் 9

தேனியில் ஒரு வரன். வங்கியில் வேலை. அம்மா போட்டோவைக் குளிர்சாதனப் பெட்டிமேல் சாய்த்து வைத்திருக்கிறாள், நான் தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் பார்க்கட்டும் என்று. நல்ல முகம்தான். யாரோ ஒருவருடைய நல்ல முகம். வருடக் கடைசிக்குள் பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள். "ஒனக்கு மனசுல எதாச்சும் இருந்தா இப்பவே சொல்லிருடி மீனா" என்றாள். எதுவும் இல்லை என்றேன்.

இன்று பெண்கள் விடுதியிலிருந்து ஒரு மாணவி வந்தாள். உட்காரும்போதே, "எல்லாத்துக்கும் ஒருபோதும் இல்லைன்னு போட்டுக்கங்க மேடம்" என்றாள். முன்பு என்றால் "பயப்படாதம்மா, யாருக்கும் தெரியாது" என்று ஆரம்பித்திருப்பேன். சும்மா இருந்தேன். அவள் துப்பட்டா நுனியைச் சுருட்டினாள், பிரித்தாள். நான் அப்படியே இருந்தேன். பிறகு அவளாகவே சொல்ல ஆரம்பித்து, அழுது, மூக்கைச் சிந்தி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போனாள். மேடம் பதிவைக் கேட்டுவிட்டு என் தோளைத் தட்டினார். "இப்பத்தான் நீ வேலைக்கு ஆனே" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பேசாமல் இருப்பதற்கு இவ்வளவு பலம் உண்டு என்று யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை.

அக்டோபர் 20

தீபாவளி. காலையில் தவமணியிடமிருந்து செய்தி. "வாழ்த்துகள். அங்க மழையா?" ஆமாம் என்று போட்டுவிட்டு, அங்கே எப்படி என்று கேட்டேன். "குளிர்" என்றான். அவ்வளவுதான். இதற்கு வானிலை நிலையமே போதும்.

பதில் வந்த பிறகும் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அடுப்பில் பணியாரம் கருகிவிட்டது. அம்மா திட்டியதில் பாதி பணியாரத்துக்கு.

பக்கத்து மேஜையில் இருந்தபோது அவன் எனக்காக மாங்காய் வாங்கி வருவான். மிளகாய்ப் பொடி தனியாக ஒரு பொட்டலம். நான் பேசிக்கொண்டே தின்பேன், அவன் கேட்டுக்கொண்டே தன் வேலையைச் செய்வான். கேட்கிறானா இல்லையா என்று சோதிக்க நடுவில் ஏதாவது உளறுவேன். நிமிராமலே அந்த உளறலைத் திருத்துவான். இப்போது யாரும் திருத்துவதில்லை.

நவம்பர் 6

வெளிநாட்டில் படிக்கும் தமிழ் மாணவர்கள் சிலரையும் பேட்டி எடுக்க வேண்டும். வார்சாவில் ஆள் பிடிப்பது தவமணியின் பொறுப்பு. அவன் சொல்லி வைத்திருந்த ஒரு பையன் கடைசி நேரத்தில் வரவில்லையாம். வேறு ஆள் கிடைக்கவில்லையாம். "நானே உட்காரட்டுமா?" என்று மேடத்துக்கு எழுதியிருக்கிறான்.

"தெரிஞ்ச ஆளா இருக்கேன்னு யோசிச்சேன்" என்றார் மேடம். "ஆனா அவனும் அங்க மாணவன்தானே. நேரம் இல்ல. முறை மாறாம செஞ்சிரு, போதும்."

அவன் குடிக்கிறானா? இங்கே தொட்டதில்லை. வார்சாவில் இத்தனை தமிழ் மாணவர்கள் இருந்தும் ஒருவன்கூடக் கிடைக்கவில்லை என்பது ஆச்சரியம்தான்.

நவம்பர் 12

பேட்டி நடந்தது. நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்கிறேன்.

பேட்டியில் யாரையும் நீங்கள் என்றுதான் கூப்பிட வேண்டும். "சொல்லுங்க தவமணி" என்றேன். அவனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, "சொல்றேங்க" என்றான். பின்னால் ஜன்னல் இருட்டாக இருந்தது. அங்கே அப்போது மாலை நான்கு மணிதான்.

முதல் சில வாக்கியங்கள் சாதாரணமாகப் போயின. பிறகு, "கவலையை மறக்கக் குடித்தேன்" என்பதைப் படித்தான்.

"உங்களுக்கு என்ன தோணுது?"

"இது எனக்குப் பொருந்தலைங்க. ரூமுக்கு வந்து ஒரு பீரத் திறப்பேன். ரெண்டு கிளாஸ் எடுத்து வைப்பேன். ஒண்ணு எதிர்த்த பக்கம். அதுல ஊத்த மாட்டேன், சும்மா இருக்கும்."

"கொஞ்சம் விளக்க முடியுமா?"

"மதுரையில ஒருத்தி இருக்கா. ரெண்டு வருசம் பக்கத்துல உக்காந்து பேசியே கொன்னா. இங்க வந்த பெறகுதான் தெரியிது, காதுக்குள்ள எவ்வளவு சத்தம் இருந்திருக்குன்னு. இங்க சத்தமே இல்ல. மறக்கறதுக்கு இல்லைங்க. அவ எதிர்ல இருக்கிற மாதிரி ஒரு அரைமணி நேரம் இருக்கலாமேன்னு."

என் கை மேஜைக்கு அடியில் இருந்தது. முகம் திரையில் தெரிந்தது. முகம் சரியாக இருந்தது.

"வேறு ஏதாவது?"

"கெளம்பும்போது, இருன்னு சொல்லுவாளான்னு பார்த்தேன். சொல்லல. நானும் கேக்கல. கேட்டு, இல்லைன்னுட்டா என்ன பண்றதுன்னு பயம். இந்த மாசம் ஒரு கையெழுத்துப் போடணும். வான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போட மாட்டேன்."

சொல்லிவிட்டு நிறுத்தினான். கேமராவைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தான். என்னை. பதிவு ஓடிக்கொண்டிருந்தது. மேடம் கேட்பார். மொழிபெயர்த்து ஒன்பது நாடும் படிக்கும். நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன், பழக்கம்.

"வேறு ஏதாவது?" என்றேன்.

"வேற ஒண்ணும் இல்லைங்க" என்றான்.

அடுத்த வாக்கியத்துக்குப் போனோம். மீதி எல்லாவற்றுக்கும் தெளிவாகப் பதில் சொன்னான். பேட்டி முறை மாறாமல் நடந்தது.

நவம்பர் 13

இன்னொரு விதி இருக்கிறது. பேட்டி கொடுத்தவரிடம் இரண்டு வாரம் கழித்து அதே இருபது வாக்கியங்களை வேறொருவர் கேட்பார். இரண்டு முறையும் பதில் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். அதுவரை பேட்டி எடுத்தவர் அவரோடு பேசக் கூடாது. பேசினால் பதில் மாறிவிடும். ஆகவே நான் இப்போது அவனைக் கூப்பிட முடியாது. இரண்டு வாரம் ஆனதும் சொல்லிவிடுவேன்.

அவன் கையெழுத்துப் போட வேண்டிய நாள் அதற்குள் வருகிறது. விதியை நான் போடவில்லை. அவனுக்கும் இந்த விதி தெரியும். தெரிந்தவன் காத்திருக்க மாட்டானா? கொஞ்சம் தள்ளிக் கேட்டு வாங்க மாட்டானா?

அவன் யாரோ ஒருத்தி என்றுதான் சொன்னான். மதுரையில் பேசிக் கொல்கிறவர்கள் நிறையப் பேர்.

நவம்பர் 17

போர்வைகளைத் துவைத்தேன். மாடியில் காயப் போட்டதும் மழை வந்தது. எடுத்தேன், நின்றதும் மறுபடி போட்டேன். செய்தி எழுதும் இடத்தில் "தவம்" என்று அடித்தேன். அழித்தேன். போர்வைகள் காயவில்லை.

நவம்பர் 18

இன்னும் பெயருக்கு மேல் போகவில்லை.

நவம்பர் 21

வாட்ஸப் குழுவில் போலந்துப் பேராசிரியர் ஒரு படம் போட்டிருந்தார். கேக், நாலைந்து பேர், நடுவில் தவமணி. கையெழுத்தாகிவிட்டது. சாம்பல் ஸ்வெட்டர்தான். எல்லோரும் வாழ்த்துப் போட்டார்கள். நானும் ஒரு பூங்கொத்துப் படம் போட்டேன்.

ஆக, மூன்று வருடம். அழக் கூடாது என்றில்லை, அழுதேன். அம்மாவிடம் தலைவலி என்று சொன்னேன்.

நவம்பர் 26

மறு கேள்வி இன்று. பர்வீன் கேட்டாள். போன மாதம் புதிதாகச் சேர்ந்த பெண். முடித்துவிட்டு என்னிடம் வந்து, "அக்கா, அந்தப் போலந்து அண்ணன் எல்லா வாக்கியத்துக்கும் ஒருபோதும் இல்லைன்னு சொல்லிட்டாரு. இப்பக் குடிக்கிறது இல்லையாம். போன தடவ சொன்னதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்றாள்.

மேடம் பார்த்தார். "ரெண்டு வாரத்துல ஒரு ஆளுக்குக் காரணம் மாறிருமா? நம்ப முடியாத பதில். கணக்குல சேக்காத" என்றார்.

சரி மேடம் என்றேன். இன்றோடு விதி முடிந்தது. யாரோடு வேண்டுமானாலும் பேசலாம். என்ன பேச? கேக் வெட்டியாயிற்று.

டிசம்பர் 3

புதிய உதவியாளர்களுக்குப் பயிற்சி. மேடம் ஒரு நல்ல பேட்டிக்கு மாதிரி காட்டப்போவதாகச் சொன்னார். கணக்கில் சேராவிட்டாலும் கேட்ட விதம் அருமை என்றார். பெயரை நீக்கிவிட்டார்களாம். சம்மதமும் வாங்கிவிட்டார்களாம். தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்று அவன் எழுதியிருந்தானாம்.

அறை முழுக்க அவன் குரல். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். "வான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போட மாட்டேன்." பிறகு அந்த இடைவெளி. மேலே மின்விசிறி சுற்றும் சத்தம்கூடப் பதிவாகியிருக்கிறது. பிறகு ஒரு பெண் "வேறு ஏதாவது?" என்கிறாள். ரேஷன் கடையில் அடுத்த ஆளைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. நான்தான் அது.

மேடம் நிறுத்தினார். "கவனிச்சீங்களா? அவரு யாரையோ நெனச்சு உருகுறாரு, பாவம். ஆனா கேக்கிறவ அசையல. இப்பிடித்தான் இருக்கணும்."

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். பர்வீன் மட்டும் எழுதவில்லை.

"மேடம், அந்த அண்ணன் பதில் சொல்லலையே. கேள்விதான கேக்குறாரு?"

"யார்கிட்ட?"

"கேக்கிறவங்ககிட்டதான்" என்றாள் பர்வீன். சொல்லும்போது திரும்பி என்னைப் பார்த்தாள்.

அப்படியெல்லாம் நாமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று மேடம் விளக்கினார். எனக்கு அதற்குப் பிறகு ஒன்றும் காதில் விழவில்லை. அந்த அறையிலேயே வயதில் சின்னவளுக்கு ஒரே தடவையில் புரிந்தது. அவன் பயந்து பயந்து, ஒரு ஆய்வையே சாக்காக வைத்துக்கொண்டு, வேறு ஆள் இல்லையென்று பொய் சொல்லி வந்து உட்கார்ந்து கேட்டான். நான் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். பேட்டி எடுப்பவர் பேசக் கூடாது என்று நான் ஒளிந்துகொண்டேன். பயம்தான். அவனுக்கு இருந்த அதே பயம். அவன் கேட்டுவிட்டான், நான் கேட்கவில்லை, அதுதான் வித்தியாசம்.

டிசம்பர் 4

மதியம், துறையில் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு கூப்பிட்டேன். அங்கே காலை.

"மீனா? கூட்டம் சாயந்தரம்தான?"

"கூட்டம் இல்ல. பதிவும் இல்ல. நாந்தான்."

யோசித்து வைத்திருந்தது எதுவும் எனக்கு வரவில்லை.

"அன்னிக்கு நீ கேட்டதுக்குப் பதில் சொல்லக் கூப்பிட்டேன், தவம். வந்திரு."

"கையெழுத்துப் போட்டாச்சு."

"தெரியும்."

"தெரிஞ்சேதான் சொல்றியா?"

"ஆமா. ஒன்னால வர முடியாதுன்னு தெரியும். அதுக்காகச் சொல்லாம விட்டா, அன்னிக்கு நான் சொன்னதுதான் பதில்னு ஆயிரும். அது பதில் இல்ல. நீ இல்லாம எனக்கு நல்லா இல்ல. ஏர்போர்ட்ல இருந்தே நல்லா இல்ல."

"நீ அப்பிடி முகத்த வச்சுக்கிட்டு இருந்ததும், சரி, இதான் பதில்னு நெனச்சுட்டேன்டி" என்றான். குரல் உடைந்துவிட்டது. "மறுநாளே போட்டுட்டேன். கடைசி நாள் வரைக்கும்கூட இருக்கல."

மறுநாளே. நான் விதியை எழுதி வைத்துக்கொண்டிருந்த அதே நாள். கேக் படம்தான் பிறகு வந்திருக்கிறது.

"மூணு வருசம்டி" என்றான்.

"ம்" என்றேன். "இந்தத் தடவ 'ம்'முக்கு அர்த்தம் வேற."

அவன் சிரித்தானா அழுதானா என்று தெரியவில்லை. ட்ராமுக்கு நேரமாகிறது என்றான். ஆனால் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. சாப்பிடப் போனவர்கள் திரும்பி வரும்வரை பேசிக்கொண்டிருந்தேன். பெரும்பாலும் நான்தான் பேசினேன். ஒரு இடத்தில் தேதியைத் தப்பாகச் சொன்னேன், அவன் திருத்தினான்.

வீட்டுக்கு வந்ததும் தேனிக்காரர்களிடம் வேண்டாம் என்று சொல்லிவிடச் சொன்னேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"யாருக்காகடி?"

பெயரைச் சொன்னேன். எங்கே இருக்கிறான் என்று கேட்டாள். அதையும் சொன்னேன். எப்போது வருவான் என்று கேட்டாள்.

அதையும் சொன்னேன்.